வட்டில்லா யூனிக்ஸ் கணினிகள்: எதைப் பகிரலாம், எதைத் தனியே வைக்க வேண்டும்

ஓர் ஆய்வகத்தில் உள்ள 30 கணினிகளின் வன்தட்டுகளையும் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே சேவையகத்திலிருந்து தொடங்கும்படி அமைத்தால் பராமரிப்பு வேலை வெகுவாகக் குறையும். நிரலை ஓரிடத்தில் நிறுவினால் போதும். காப்புப்படியும் ஓரிடத்தில் எடுத்தால் போதும். இந்த எண்ணத்தோடு இறங்குபவர்களுக்குச் சில நாட்களிலேயே விளங்காத கோளாறுகள் தென்படத் தொடங்கும். இரண்டு கணினிகள் ஒரே ஐபி முகவரிக்குப் போட்டியிடும். பதிவுக் கோப்பில் ஒரு கணினி எழுதிய வரியை மற்றொரு கணினி எழுதிய வரி விழுங்கியிருக்கும். சேவையகத்தில் ஒரு நிரலகத்தை (பல நிரல்கள் பகிரும் 'லைப்ரரி') புதுப்பித்த சற்று நேரத்தில், அதற்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு நிரல் வேறொரு மேசையில் 'பஸ் எரர்' என்று சொல்லி விழும்.

இவை மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு கணினிக்கே உரியதைப் பொதுவாக்கியிருப்பார்கள், அல்லது பொதுவாக இருப்பதைத் தனிச்சொத்து போலக் கையாண்டிருப்பார்கள். கோப்புகளை வலையமைப்பு வழியாகப் பகிரும் தொழில்நுட்பம் 1985 முதலே கையில் இருக்கிறது. எதைப் பகிர்வது என்று பிரித்தறிவதுதான் இன்றும் கடினமான பகுதி.

வட்டைப் பகிர்வதும் கோப்பைப் பகிர்வதும்

1982இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், வன்தட்டு இல்லாத பணிநிலையங்களைத் தன் முக்கியச் சரக்குகளில் ஒன்றாக விற்றது. வன்தட்டு அப்போது விலை உயர்ந்த பொருள்; ஒவ்வொரு மேசையிலும் ஒன்றை வைப்பதைவிட, ஒரு பெரிய வட்டை ஈதர்நெட் வழியாகப் பலருக்குக் கொடுப்பது மலிவு. அதற்குச் சன் முதலில் பயன்படுத்திய நெறிமுறையின் பெயர் 'நெட்வொர்க் டிஸ்க்', சுருக்கமாக என்டி.

என்டி பகிர்ந்தது வட்டின் தொகுதிகளை, அதாவது வட்டு பிரிக்கப்பட்டிருக்கும் எண்ணிட்ட சிறு துண்டுகளை. 'எனக்கு 4,712ஆம் தொகுதியைக் கொடு' என்று கணினி கேட்கும், சேவையகம் கொடுக்கும். அந்தத் தொகுதி எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்பது சேவையகத்துக்குத் தெரியாது. கோப்பு முறைமையைப் புரிந்துகொள்ளும் வேலை முழுவதும் கணினியின் கர்னலிடமே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடமே இருந்தது. இங்கேதான் சிக்கல். எந்தத் தொகுதி காலியாக இருக்கிறது, எது நிரம்பியிருக்கிறது என்ற கணக்கை ஒவ்வொரு கர்னலும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். வட்டின் ஒரே பிரிவில் இரண்டு கணினிகள் எழுதினால், இரண்டும் ஒரே தொகுதியைக் காலி என்று எண்ணி இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒதுக்கிவிடும். கோப்பு முறைமை சிதைந்துபோகும். ஆகவே என்டியில் பொதுப் பிரிவு படிக்க மட்டுமே. எழுத வேண்டுமானால் ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பிரிவு. இன்று தொகுதிகளையே வலையமைப்பில் பகிரும் ஐஸ்கசி, என்பிடி போன்ற நெறிமுறைகளைப் பயன்படுத்துபவர்களும் அதே வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். தொகுதி வட்டு ஒன்றை இரண்டு கணினிகளில் எழுதும் உரிமையோடு பொருத்திவிட்டு, தரவு அழிந்ததற்குக் காரணம் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

1985இல் சன் வெளியிட்ட 'நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்', சுருக்கமாக என்எஃப்எஸ், எல்லைக்கோட்டை ஓர் அடுக்கு மேலே நகர்த்தியது. இதில் கணினி தொகுதியைக் கேட்பதில்லை. 'இந்தக் கோப்பில் 8,192ஆம் பைட்டிலிருந்து இத்தனை பைட்டுகளைக் கொடு' என்று கேட்கிறது. வட்டின் கணக்கை வைத்திருப்பது சேவையகத்தின் கர்னல் மட்டுமே. எனவே எத்தனை கணினிகள் எழுதினாலும் கோப்பு முறைமையின் கட்டமைப்பு கெடாது. கோப்பின் உள்ளடக்கம் கெடாது என்று இதற்குப் பொருளில்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

சேவையகம் எதையும் நினைவில் வைப்பதில்லை

என்எஃப்எஸ்ஸின் 2, 3 ஆகிய பதிப்புகளில் கோப்பைத் 'திற', 'மூடு' என்ற கோரிக்கைகளே கிடையாது. யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சேவையகம் வைத்துக்கொள்வதில்லை. இந்தப் பண்பை 'ஸ்டேட்லெஸ்' என்பார்கள். ஒவ்வொரு கோரிக்கையும் தன்னளவில் முழுமையானது: எந்தக் கோப்பு, எந்த இடம், எவ்வளவு, கேட்பது யார் என்பது எல்லாம் அதிலேயே இருக்கும்.

'எந்தக் கோப்பு' என்பதைப் பெயரால் சொல்வதில்லை. கணினி முதலில் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லும்போது, சேவையகம் 'ஃபைல் ஹேண்டில்' எனப்படும் ஓர் அடையாளத்தைத் தரும். 2ஆம் பதிப்பில் இது 32 பைட்டுகள். பொதுவாக இதற்குள் மூன்று செய்திகள் இருக்கும்: எந்தக் கோப்பு முறைமை, அதில் எந்த ஐநோடு (கோப்பைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் பதிவு) எண், அந்த ஐநோடு எத்தனையாவது தலைமுறை. ஒரு கோப்பு அழிந்து அதே ஐநோடு எண் வேறொரு கோப்புக்குப் போனால் தலைமுறை எண் மாறும். பழைய அடையாளத்தோடு வருபவருக்கு 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற மறுப்பு கிடைக்கும். வேறு யாருடைய கோப்பையோ தவறிப் படித்துவிடாமல் காப்பது இந்த மறுப்புதான்.

எதையும் நினைவில் வைக்காததன் பலன், சேவையகம் விழுந்து எழும்போது தெரியும். மின்சாரம் போய் வந்தபின் சேவையகம் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, எந்தப் பட்டியலையும் மீட்டெடுக்க வேண்டியதில்லை. கணினிகள் பதில் வரும்வரை அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் 'என்எஃப்எஸ் சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்ற வரி தோன்றும்; எல்லாம் உறைந்து நிற்கும்; சேவையகம் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். இந்த உறைவைக் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். வட்டில்லாக் கணினிக்கு இதுவே பாதுகாப்பு. 'சாஃப்ட் மவுன்ட்' என்ற தேர்வின்படி சில முயற்சிகளுக்குப் பின் பிழையைத் திருப்பினால், பாதி எழுதிய கோப்போடு நிரல்கள் விழும். மற்ற எல்லா அடைவுகளுக்கும் வேரான மூலக் கோப்பு முறைமையே வலையமைப்பில் இருக்கும்போது அந்தத் தேர்வைத் தொடவே கூடாது.

வட்டில்லாத கணினி விழித்தெழும் விதம்

தனக்கென எதுவுமே சேமித்து வைத்திராத கணினிக்குத் தன் பெயரும் தெரியாது. சன்ஓஎஸ் 4 காலத்தில் அது படிப்படியாகத் தன்னை அறிந்துகொண்ட முறை இது. இன்றைய முறைகளும் இதே எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கின்றன.

1. பிராம் என்ற அழியாத நினைவகச் சில்லில் எரிக்கப்பட்டிருக்கும் சிறு நிரலுக்குத் தெரிந்தது ஈதர்நெட் முகவரி மட்டுமே. 'இந்த ஈதர்நெட் முகவரி உடையவன் நான். என் ஐபி முகவரி என்ன?' என்று அது வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும். இதற்கு ஆர்ஏஆர்பி என்று பெயர், 1984இல் வகுக்கப்பட்டது. சேவையகம் தன் அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லும்.

2. 192.168.1.10 என்று பதில் வந்ததாகக் கொள்வோம். கணினி அதன் நான்கு எண்களையும் பதினாறடிமான முறைக்கு மாற்றி ஒட்டும்: 192 என்பது சி0, 168 என்பது ஏ8, 1 என்பது 01, 10 என்பது 0ஏ. கிடைக்கும் 'சி0ஏ8010ஏ' என்ற பெயருள்ள கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய நெறிமுறை வழியாகக் கேட்கும். ஒருமுறைக்கு 512 பைட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்புகை. கடவுச்சொல் எதுவும் கிடையாது. சேவையகத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஓர் இணைப்பாக மட்டுமே இருக்கும். அதன் மறுமுனையில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான தொடக்க நிரல் இருக்கும்.

3. தொடக்க நிரல் ஓடத் தொடங்கியதும், 'என் பெயர் என்ன? என் மூல அடைவு எந்தச் சேவையகத்தில், எங்கே இருக்கிறது? என் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பக்கங்களை எழுதி வைக்கும் இடம்) எங்கே?' என்று 'பூட்பேரம்ஸ்' சேவையிடம் கேட்கும்.

4. கிடைத்த அடைவை என்எஃப்எஸ் வழியாகப் பொருத்தி, அதிலிருந்து கர்னலை நினைவகத்தில் ஏற்றும். கர்னல் எழுந்து, மூல அடைவைத் தானே மீண்டும் பொருத்திக்கொண்டு மற்ற வேலைகளைத் தொடங்கும்.

பின்னர் ஆர்ஏஆர்பியின் இடத்தை முதலில் பூட்பியும் பிறகு டிஎச்சிபியும் என, ஐபி முகவரி வழங்கும் புதிய நெறிமுறைகள் பிடித்தன. வலையமைப்பிலிருந்து தொடங்குவதற்கான இன்டெல்லின் பிஎக்ஸ்இ தரம் இவற்றைச் சாதாரணப் பிசிகளுக்குக் கொண்டுவந்தது. கோப்பின் பெயரை ஐபி முகவரியிலிருந்து பதினாறடிமானத்தில் ஆக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பிஎக்ஸ்இ வழியே லினக்ஸைத் தொடங்கும் பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற நிரல் தன் அமைப்புக் கோப்பைத் தேடும் வழிகளில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது.

மரத்தைக் கூறு போடுதல்

மேலே சொன்ன நான்காம் படியில் வரும் 'மூல அடைவு' ஒவ்வொரு கணினிக்கும் தனியானதா, பொதுவானதா? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான் யூனிக்ஸின் அடைவு மரமே மாறிப்போனது.

பழைய யூனிக்ஸில் நிரல்களும் அஞ்சல் பெட்டிகளும் பதிவுக் கோப்புகளும் அச்சு வரிசைகளும் /யூஎஸ்ஆர் என்ற ஒரே கிளையின்கீழ்க் கலந்து கிடந்தன. ஒரே கணினி, ஒரே வட்டு என்று இருந்தவரை அது யாரையும் உறுத்தவில்லை. நூறு கணினிகள் அதைப் பகிரத் தொடங்கியபோது, மாறாத நிரலும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் அஞ்சல் பெட்டியும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0, /யூஎஸ்ஆர் கிளையைப் படிக்க மட்டும் என்று ஆக்கி, மாறுபவற்றை /வார் என்ற புதுக் கிளைக்கு நகர்த்தியது. கையேட்டுப் பக்கங்களைப் போல எந்தச் செயலிக்கும் பொதுவானவை /யூஎஸ்ஆர்/ஷேர் என்ற உட்கிளைக்குப் போயின. இன்று ஒரு மடிக்கணினியில் லினக்ஸை நிறுவுபவர் காணும் /வார், /யூஎஸ்ஆர்/ஷேர் ஆகிய பெயர்களில் வட்டில்லாக் கணினிகளின் தடம் அப்படியே இருக்கிறது. 'மாறுவது எது, மாறாதது எது' என்று கேட்டு மரத்தைப் பிரித்த அந்தச் செயலை, வேகமான எந்த நெறிமுறையையும்விட நிலைத்த பங்களிப்பாகவே நான் மதிப்பிடுகிறேன்.

சேவையகத்தில் இது எக்ஸ்போர்ட் என்ற அடைவின்கீழ் அமைந்தது. /எக்ஸ்போர்ட்/ரூட் என்பதன்கீழ் ஒவ்வொரு கணினியின் பெயரிலும் ஒரு சிறு மூல மரம். அதற்குள் அந்தக் கணினியின் /ஈடிசி (அமைப்புக் கோப்புகள்), /வார், /டெவ் (சாதனக் கோப்புகள்) ஆகியவை. /எக்ஸ்போர்ட்/ஸ்வாப் என்பதில் கணினிக்கு ஒரு ஸ்வாப் கோப்பு. நிரல்கள் உள்ள /யூஎஸ்ஆர் கிளை செயலிக்கு ஒன்று: மோட்டரோலா 68020 செயலியுள்ள சன்-3 கணினிகளுக்கு ஒன்று, ஸ்பார்க் செயலியுள்ள சன்-4 கணினிகளுக்கு வேறொன்று. பயனர்களின் வீட்டு அடைவுகள் எல்லோருக்கும் பொது. ஆகவே யார் எந்த மேசையில் அமர்ந்தாலும் தம் கோப்புகளைக் காணலாம்.

/டெவ் பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி எழும். சாதனக் கோப்பு சேவையகத்தில் இருக்கிறது என்றால், அதைத் திறக்கும்போது சேவையகத்தின் சாதனம் திறக்குமா? திறக்காது. என்எஃப்எஸ் சாதன எண்ணை மட்டும் கொடுக்கும். அந்த எண்ணுக்குப் பொருள் கொள்வது கணினியின் சொந்தக் கர்னல். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஆர்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை இதற்கு நேர்மாறாக, தொலைவிலுள்ள சாதனத்தையே திறக்க வழி செய்தது. யூனிக்ஸின் இலக்கணத்தை முழுமையாகக் காக்க முயன்ற அந்த அமைப்புக்கு, யார் எதைத் திறந்திருக்கிறார் என்ற நினைவு தேவைப்பட்டது; சேவையகம் விழுந்தால் அந்த நினைவும் போகும்.

நினைவில் வைக்காததற்குக் கொடுக்கும் விலை

யூனிக்ஸில் திறந்திருக்கும் கோப்பை அழிக்கலாம். பெயர் உடனே மறையும்; உள்ளடக்கம் கடைசியாகத் திறந்திருப்பவர் மூடும்வரை இருக்கும். தற்காலிகக் கோப்புகளை இப்படி அழித்துவிட்டுப் பயன்படுத்துவது நிரலாளர்களின் நெடுநாள் வழக்கம். யார் திறந்திருக்கிறார் என்பதே தெரியாத சேவையகத்தால் இதைக் காக்க முடியாது. எனவே கணினியின் கர்னல் ஒரு தந்திரம் செய்கிறது: தன் நிரல் ஒன்று திறந்திருக்கும் கோப்பை அழிக்கச் சொன்னால், அழிப்பதற்குப் பதில் '.என்எஃப்எஸ்' என்று தொடங்கும் மறைவுப் பெயருக்கு மாற்றிவிட்டு, மூடியதும் உண்மையாகவே அழிக்கும். இடையில் அந்தக் கணினியின் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு அநாதையாகச் சேவையகத்தில் தங்கிவிடும். வீட்டு அடைவில் இத்தகைய பெயர்களைக் கண்டு திகைப்பவர்களுக்கு விளக்கம் இதுதான்.

இந்தத் தந்திரம் அதே கணினியில் நடக்கும் அழிப்புக்கு மட்டுமே உதவும். சேவையகத்திலேயே ஒருவர் கோப்பை அழித்தால் தடுப்பு ஏதும் இல்லை. முதலில் சொன்ன 'பஸ் எரர்' இங்கிருந்துதான் வருகிறது. யூனிக்ஸ் ஒரு நிரலை முழுவதும் நினைவகத்தில் ஏற்றுவதில்லை. தேவைப்படும் பக்கத்தைத் தேவைப்படும்போதுதான் கோப்பிலிருந்து எடுக்கிறது. காலையில் தொடங்கிய நிரல் மதியம் வரை தொடாத ஒரு பக்கத்தை முதன்முறையாகத் தொடும்போது, கணினி பழைய அடையாளத்தோடு சேவையகத்திடம் போகிறது. அதற்குள் புதுப்பிப்பு நிகழ்ந்து பழைய கோப்பு அழிந்திருந்தால், பக்கம் கிடைக்காது. கர்னல் நிரலைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை. வட்டுள்ள கணினியில் இதே புதுப்பிப்பு எந்தத் தீங்கும் செய்யாது. ஓடும் நிரலுக்காகப் பழைய ஐநோடை உள்ளூர்க் கர்னல் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்தது, திரும்ப அனுப்பும் பழக்கத்தின் விலை. படிக்கும் கோரிக்கையை இருமுறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. அழிக்கும் கோரிக்கை அப்படியல்ல. சேவையகம் கோப்பை அழித்து அனுப்பிய பதில் வழியில் தொலைந்தால், கணினி மீண்டும் கேட்கும். இம்முறை 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று பதில் வரும். வேலை முடிந்திருக்கும், பயனருக்கோ பிழை தெரியும். அண்மையில் வந்த கோரிக்கைகளையும் அவற்றுக்குச் சொன்ன பதில்களையும் சேவையகம் சிறிது காலம் வைத்துக்கொள்வது இதற்கு மருந்தாயிற்று. கொள்கையளவில் நினைவே இல்லாத சேவையகம், நடைமுறையில் கொஞ்சம் நினைவு வைத்தே ஆக வேண்டியிருந்தது.

பதிவுக் கோப்பில் வரிகள் தொலைவதற்குக் காரணம் வேறு. என்எஃப்எஸ்ஸில் 'கோப்பின் முடிவில் சேர்' என்ற கோரிக்கை இல்லை. கணினி முதலில் கோப்பின் நீளத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு அந்த இடத்தில் எழுதச் சொல்கிறது. இரண்டு கணினிகள் ஒரே நீளத்தை அறிந்து ஒரே இடத்தில் எழுதினால், பின்னால் எழுதியது மட்டும் மிஞ்சும். நீளம் முதலான பண்புகளைக் கணினிகள் வழக்கமாக 3 முதல் 60 நொடிகள் வரை தம்மிடமே வைத்துக்கொள்வதால் இந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. என்எஃப்எஸ் தரும் உறுதி ஒன்றுதான்: ஒருவர் கோப்பை மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால், மூடியவர் எழுதியதைக் காண்பார். இருவரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால் எந்த உறுதியும் இல்லை. ஆகவே /வார் கிளையைக் கணினிகளுக்கிடையே பகிரவே கூடாது.

ஸ்வாப் பற்றிச் சுருக்கமாக: நினைவகம் தீரும்போது பக்கங்களை வெளியே எழுத வேண்டும், வலையமைப்பில் எழுத பாக்கெட்டுக்கு நினைவகம் வேண்டும். இந்த முடிச்சைக் கவனமாக அவிழ்த்த பிறகே, 2012இல் வந்த 3.6 பதிப்பில் லினக்ஸ் என்எஃப்எஸ் மேல் ஸ்வாப் வைக்க இடமளித்தது.

நம்பிக்கை என்ற பலவீனம்

பழைய என்எஃப்எஸ்ஸில் கோரிக்கையோடு ஒரு பயனர் எண் வரும். சேவையகம் அதை அப்படியே நம்பும். எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' பயனரின் எண்ணை மட்டும் 'நோபடி' என்ற உரிமையற்ற எண்ணுக்கு மாற்றிவிடும். வட்டில்லாக் கணினிக்கு அந்தக் கட்டுப்பாட்டையும் தளர்த்த வேண்டும்; தன் மூல மரத்தில் தானே ரூட்டாக எழுத முடியாவிட்டால் அது இயங்காது. எனவே இந்தத் தளர்வை அந்தந்தக் கணினியின் மூல அடைவுக்கு, அந்தந்தக் கணினியின் முகவரிக்கு மட்டும் கொடுக்க வேண்டும். வீட்டு அடைவுகளுக்கும் சேர்த்துக் கொடுப்பது பரவலாகக் காணும் தவறு. ஒரு கணினியில் ரூட் ஆனவர் எல்லாருடைய கோப்புகளையும் பெற்றுவிடுவார்.

2000இல் முதலில் வகுக்கப்பட்ட என்எஃப்எஸ்ஸின் 4ஆம் பதிப்பு, ரகசியச் சாவிகளைக் கொண்டு இயங்கும் கெர்பரோஸ் வழியிலான அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாய அம்சமாகச் சேர்த்தது. திறத்தல், மூடுதல், பூட்டுதல் ஆகியவற்றையும் நெறிமுறைக்குள் கொண்டுவந்து சேவையகத்துக்கு நினைவைக் கொடுத்தது. ஆனால் வட்டில்லாக் கணினிக்கு ஒரு தொடக்கச் சிக்கல் எஞ்சுகிறது. கெர்பரோஸ் சாவியை வைக்க அதனிடம் இடமில்லை. சாவி மூல அடைவில் இருந்தால், அந்த அடைவு பாதுகாப்பின்றி வரும் அதே கம்பியில் சாவியும் வரும். தொடக்க வலையமைப்பைத் தனியாகப் பிரித்து வைப்பதே நடைமுறைத் தீர்வு.

இன்றைய அமைப்பு

இப்போது பெரும்பாலோர் கணினிக்கு ஒரு மூல மரம் என்று வைப்பதில்லை. ஒரே மரத்தைப் படிக்க மட்டும் என்று எல்லோருக்கும் கொடுத்து, அதன்மேல் ஒவ்வொரு கணினியின் நினைவகத்திலும் எழுதக்கூடிய ஒரு மெல்லிய அடுக்கை விரிக்கிறார்கள். 2014 இறுதியில் வந்த லினக்ஸ் 3.18 முதல் கர்னலிலேயே இருக்கும் ஓவர்லேஎஃப்எஸ் இதற்கு உதவுகிறது. எழுதும் மேல் அடுக்கை என்எஃப்எஸ்ஸில் வைக்கக்கூடாது. அந்தப் பயன்பாட்டுக்கு அது ஏற்றதல்ல.

மரம் ஒன்றே ஆகும்போது, 1988இல் தனித்தனியாக இருந்த /ஈடிசியும் ஒன்றாகிறது. அதில் இருக்கும் 'மெஷின்-ஐடி' என்ற சிறு கோப்பு எல்லோருக்கும் ஒன்றே ஆனால், அதிலிருந்து தம் அடையாளத்தைக் கணக்கிடும் டிஎச்சிபி நிரல்கள் 30 கணினிகளிலிருந்தும் ஒரே பெயரைச் சொல்லும். சேவையகம் எல்லாவற்றையும் ஒரே கணினி என்று எண்ணி ஒரே ஐபி முகவரியைக் கொடுக்கும். பொது மரத்தில் அந்தக் கோப்பை வெறுமையாக விட்டால், ஒவ்வொரு கணினியும் தொடங்கும்போது தனக்கென ஓர் எண்ணை ஆக்கிக்கொள்ளும். தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சாவிகளும் அப்படியே: பொது மரத்தில் அவை இருக்கக்கூடாது. பதிவுகளை வலையமைப்பு வழியாக ஒரு பதிவுச் சேவையகத்துக்கு அனுப்ப வேண்டும். பகிர்ந்த கோப்பில் எழுதக்கூடாது.

புதுப்பிப்பதற்கான வரிசை பின்வருமாறு.

1. ஓடிக்கொண்டிருக்கும் மரத்தைத் தொடாமல், அதன் நகல் ஒன்றை வேறு அடைவில் எடுத்து அங்கே புதுப்பிக்க வேண்டும்.

2. அதை ஒரே ஒரு கணினிக்குக் கொடுத்துத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

3. தொடக்க அமைப்பில் புதிய அடைவின் பெயரை எழுத வேண்டும். இனி மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு கணினியும் புதியதை எடுத்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருப்பவை பழையதிலேயே இருக்கும்.

4. பழைய மரத்தைப் பிடித்திருக்கும் கடைசிக் கணினியும் மறுதொடக்கம் செய்த பிறகே அதை அழிக்க வேண்டும். என்எஃப்எஸ்ஸின் 3ஆம் பதிப்பில் அந்தக் கடைசிக் கணினி எது என்று சேவையகத்தைக் கேட்டு உறுதியாக அறிய முடியாது. ஒவ்வொரு கணினியிலும் எது பொருத்தப்பட்டிருக்கிறது என்று அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும்.